பழைய லாரியோட வயசு எங்கே தெரியும்?

நெல்லிக்குப்பம்னா பாரி சர்க்கரை ஆலை, 1842-ல ஆரம்பிச்சது. கரும்பு முதல்ல மாட்டு வண்டியில வந்தது, அப்புறம் லாரியில. அந்தக் காலத்து லாரி ஒண்ணு இன்னைக்கு ஓரமா நின்னா, எந்தக் கம்பெனி, எவ்வளவு பழசுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முகத்தைப் பார்த்தா ஏமாந்துடுவோம். கம்பெனிகள் பெரும்பாலும் விற்றது சேஸிஸ்தான். கேபினும் பாடியும் உள்ளூர்ப் பட்டறையில கட்டினது. பழசானா பிரிச்சுட்டு வேற கட்டுவாங்க.

அதனால இன்ஜினைப் பாருங்க. 1948-ல தொடங்கின அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனோட லேலண்ட் மோட்டார்ஸ் கூடச் சேர்ந்து 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு. இவங்களோட 370 இன்ஜின்ல அந்த எண் குதிரைத்திறன் இல்லை, கன அங்குலம்; அதாவது சுமார் 6 லிட்டர். பிரிட்டிஷ் கணக்கு அப்படியே ஒட்டிக்கிட்டது. டாடா, பென்ஸ் கூட்டணி 1954-ல ஆரம்பிச்சு 1969 வரைக்கும். முன்பக்கம் பென்ஸ் நட்சத்திரம் இருந்தா அந்தக் காலத்து வண்டியா இருக்கலாம். ஆனா கிரில்லையும் மாத்தலாமே? பிளாக்ல இருக்கிற எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்சி புத்தகத்தோட ஒப்பிட்டாதான் உறுதி.

சரி, கண்டுபிடிச்சாச்சு. காப்பாத்த முடியுமா? 2021-ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டியிருக்கணும். ஆனா டூவீலருக்கும் சொந்த உபயோகக் காருக்கும் மட்டும்தான். லாரிக்கு இடமில்லை, ரோட்டுல ஓட்டணும்னா வருஷாவருஷம் எஃப்சி எடுக்கணும். முதலாளி போன கார் பாரம்பரியம், கரும்பு சுமந்த லாரி எடைக்குப் போடுற இரும்பு.

உங்க ஊர்ல அப்படி ஒண்ணு நின்னா, உடைக்கிறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட கேட்டுட்டு அந்த எண்களை ஒரு போட்டோ எடுத்து வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.