படத்தின் பின்பக்கம்

எங்கள் குடும்ப ஆல்பத்தில் கணக்குப்பிள்ளை ஒருவருடைய படம் இருந்தது. தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, எதிரே எதையோ உறுத்துப் பார்க்கும் இரண்டு கண்கள். 2012-ஆம் வருஷம் அந்த ஆல்பத்தை நான் ஸ்கானரில் வைத்து, படம் படமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தை, இந்தப் படம் வந்ததும் சிரித்துவிட்டாள்.

"உங்க தாத்தாகிட்டக் கணக்கு எழுதினவர்டா இவர். வலது கண் பூ விழுந்த கண். போட்டோக்காரன் பாவம் பார்த்து ஒரு கண் வரைஞ்சு கொடுத்துட்டான்" என்றாள். அவர் பெயரையும் சொன்னாள். நான் பெயரைத் தட்டி வைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் புகைப்படம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்குப்பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். பழைய ஸ்டூடியோக்களில் ‘டச்’ செய்வதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். சாய்வான பலகையில் நெகடிவைப் பொருத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி செய்துகொண்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு வேலை செய்வார். முகத்தில் அம்மைத் தழும்பு நிழலாக விழுந்திருந்தால், நெகடிவில் அந்த இடம் வெளிறிப்போய் இருக்கும். அங்கே பென்சில் கரி ஏறிவிட்டால் அச்சில் நிழல் காணாமல் போகும். கல்யாணச் சந்தையில் எத்தனையோ பெண்களைக் கரையேற்றிய பென்சில் அது.

அந்தப் பென்சில் கம்ப்யூட்டருக்குள் போன கதைக்கு ஒரு குழந்தையிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1957-இல், அமெரிக்க அரசின் தேசீயத் தர நிர்ணய நிலையத்தில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், தம்முடைய மூன்று மாதப் பிள்ளையின் படத்தை உருளை ஒன்றில் சுற்றி, அதை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். பக்கத்துக்கு 176 புள்ளி, மொத்தம் 30,976. படம் எண்களாகிவிட்டது என்றால் என்ன அர்த்தம்? எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரிடத்து எண்ணைப் பெயர்த்து இன்னோரிடத்தில் வைக்கலாம். மற்றதெல்லாம் இதன் விஸ்தரிப்புத்தான்.

1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ பத்திரிகை, எகிப்தின் கீஸா பிரமிடுகளைப் படத்தில் ஒன்றோடொன்று நெருக்கிவைத்து அட்டையில் வெளியிட்டது. படம் அகலம், அட்டை உயரம். அவ்வளவுதான் காரணம். நாலாயிரம் வருஷத்துக்கு மேலாக அசையாத கல் நகர்ந்துவிட்டதே என்று பெரிய கூச்சல் கிளம்பியது. அப்போது அந்த வித்தைக்குரிய யந்திரம் பெரிய அச்சுக்கூடங்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் இரண்டு சகோதரர்கள். மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தாமஸ் நோல், 1987-இல் தம் மக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் சாம்பல் நிறம் தெரியவில்லையே என்று அதற்காகச் சில நிரல்கள் எழுதினார். திரை கறுப்பு, வெள்ளை இரண்டையும் தவிர வேறொன்றும் காட்டாது. தம்பி ஜான் சினிமாவில் தந்திரக் காட்சிகள் அமைக்கும் கம்பெனியில் இருந்தவர். இதன் உபயோகம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. போரா போரா தீவின் கடற்கரையில், தம் வருங்கால மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் எடுத்த படம் ஒன்றுதான் மாதிரிப் படம். அந்த ஒரு பெண்ணை இரண்டாக்கிக் காட்டி வித்தையை விளக்குவாராம். 1990 பிப்ரவரியில் அடோபி கம்பெனி இதை ‘போட்டோஷாப்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்தச் சகோதரர்களின் தகப்பனார் ஒரு பேராசிரியர். வீட்டின் நிலவறையில் இருட்டறை வைத்துப் படம் கழுவியவர். தாமஸ் அங்கேதான் தொழில் கற்றார். இன்றைக்கும் போட்டோஷாப்பில், ஓர் இடத்தை வெளுப்பாக்கும் கருவிக்குக் குச்சிமுனையில் வட்டம் ஒட்டிய சின்னம். கறுப்பாக்கும் கருவிக்குக் குவித்த கை. இருட்டறையில் ஒளியை மறைக்கவும் பாய்ச்சவும் அப்பா எதை வைத்துக்கொண்டு நின்றிருப்பாரோ அதுதான். இருட்டறையையே பார்த்திராத பையன்கள் தினம் அந்தக் குச்சியை எடுத்து வேலை செய்கிறார்கள்.

திருத்தும் கதை இப்படிப் பிரசித்தமானது. அடுக்கும் கதையை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய கதையாகப் படுகிறது. ஒரு பிலிம் சுருளில் 36 படம். கல்யாணம் என்றாலும் நாலைந்து சுருளோடு சரி. டிஜிடல் காமிரா வந்த பிறகு சஷ்டியப்தபூர்த்திக்கு ஆயிரம் படம்! அவற்றில் பாதிக்கு 2000 ஜனவரி 1 என்று தேதி விழுந்திருக்கும். காமிராவின் கடிகாரத்தை யாரும் திருப்பிவைத்திருக்க மாட்டார்கள்.

எடுத்ததைத் தேடிக் கொடுப்பதற்கென்று மென்பொருள்கள் வந்தன. கூகிள் 2004-இல் பிகாஸாவை வாங்கி இனாமாகக் கொடுத்தது. ஆப்பிளின் அபர்ச்சர் 2005-இல் வந்தது; அடோபியின் லைட்ரூம் 2007-இல். 2009-இல் ஐபோட்டோவும் பிகாஸாவும் முகங்களை அடையாளம் கண்டு, ‘இது யார்?’ என்று கேட்க ஆரம்பித்தன. லைட்ரூம் போன்றவை இன்னொரு நல்ல காரியமும் செய்தன. மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. ‘கொஞ்சம் வெளுப்பாக்கு, இந்த ஓரத்தை வெட்டு’ என்ற கட்டளைகளை மட்டும் தனி ஏட்டில் குறித்துவைத்து, கேட்டபோது பிரயோகித்துக் காட்டின. கணக்குப்பிள்ளையின் பூ விழுந்த கண் இந்த முறையில் பத்திரமாக அடியில் இருந்திருக்கும்.

ஆனால் பெயர்களும் அநேகமாக அந்தத் தனி ஏட்டில்தான் இருந்தன. படத்துக்குள்ளேயே விவரம் எழுதிவைக்கும் வழி இல்லாமல் இல்லை. பத்திரிகைக்காரர்களுக்குப் படமும் குறிப்பும் பிரிந்தால் பிழைப்புக் கெட்டுவிடும். அதற்காக ஓர் ஏற்பாடு முன்பே இருந்தது. 2001-இல் அடோபி அதை விரிவாக்கி எக்ஸ்.எம்.பி. என்று ஒன்றை வெளியிட்டது. அந்தக் காலத்தில் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவோமே, அதேதான். ஆனால் பல மென்பொருள்களில் நாமாகக் கேட்டுக்கொண்டாலொழிய இது நடப்பதில்லை. கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மென்பொருள்களோ சிரஞ்சீவிகள் அல்ல. அபர்ச்சரை 2014-இல் கைவிட்டார்கள், பிகாஸாவை 2016-இல்.

என் விஷயத்தில் குற்றம் என்னுடையதுதான். அத்தையும் நானும் இரண்டு வாரம் உட்கார்ந்து நானூறு படங்களுக்குப் பெயர் போட்டோம். அவளுக்கு எல்லாரையும் தெரியும். யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், யார் காசிக்குப் போய்த் திரும்பவில்லை, எல்லாம் தெரியும். கதை எழுதுகிறவனாகையால் நான் கதைகளைக் கேட்டுக்கொண்டு, பெயர்களை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். 2017-இல் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினபோது படங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, பழையதைக் காயலான் கடையில் போட்டேன். ஏடு என்று தனியாக ஒன்று அதற்குள் இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்கு முந்தின வருஷமே அத்தை காலமாகிவிட்டாள்.

கல்யாணக் கோஷ்டிப் படம் ஒன்றில், ஒரு பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே மடிப்பு விழுந்து வெடித்திருந்தது. இரண்டு சாயங்காலம் செலவழித்து, பக்கத்துக் கன்னத்துத் தோலை எடுத்து ஒட்டிச் சரிசெய்தேன். நல்ல வேலை என்று நானே சொல்லிக்கொள்ளலாம். மூக்குத்திக் கல்கூடத் தெரிகிறது. அவள் யார் என்று பெரியப்பா வீட்டிலும் கேட்டாயிற்று, சித்தி வீட்டிலும் கேட்டாயிற்று.

கணக்குப்பிள்ளையின் பெயரும் போய்விட்டது. இப்போது அந்தப் படத்துக்குள்ளேயே குறிப்பு எழுதும் இடத்தில், ‘தாத்தாவிடம் கணக்கு எழுதியவர். வலது கண் நிஜமல்ல’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.