முதல் பெண் காவடி: ஒரு பணி பிறந்த கதை

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் போன்ற மலையடிவார ஊர்களில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். எழவு விழுந்த வீடானாலும் பொழுது விடிந்தால் தொழுவில் மாடு கத்தும். ஆறுதல் சொல்ல வந்த பத்துப் பேர் கூப்பிட்டும் எழுந்திருக்காத பெண், கன்றின் சத்தத்துக்கு எழுந்து போவாள். துக்கம் விசாரிக்க மாட்டுக்குத் தெரியாது. அதற்குப் பசிதான் தெரியும்.

இப்படி ஒரு யானைக்குட்டியின் பசியிலிருந்துதான் நீலகிரியில் ஒரு பெண்ணின் அரசுப் பணி பிறந்தது.

2017-ல் ஓசூர்ப் பக்கம் ஒரு பெண் யானை மின்சாரம் தாக்கிச் செத்தது. நாய்க்கடிப் புண்களோடு தனியே அலைந்த அதன் குட்டி, முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு வந்து சேர்ந்தது. ரகு என்று பேர் வைத்தார்கள். காட்டுநாயக்கர் பழங்குடியைச் சேர்ந்த பொம்மனிடமும் பெள்ளியிடமும் அதை ஒப்படைத்தார்கள். பெள்ளியின் முதல் கணவரைப் புலி கொன்றிருந்தது. பிறகு மகளும் இறந்துபோனாள். தாயில்லாத யானைக்குட்டி பிழைப்பது அரிது. இரவும் பகலும் புட்டிப்பால் கொடுக்க வேண்டும், புண்ணுக்கு மருந்து போட வேண்டும், பக்கத்திலேயே படுக்க வேண்டும். உட்கார்ந்து அழ நேரம் கிடையாது. அப்படியும் அழுதபோது ரகு தும்பிக்கையால் கண்ணீரைத் துடைத்ததைப் பெள்ளியே சொல்லியிருக்கிறார்.

ஆனால் இது துக்கம் தீர்ந்த கதை அல்ல. ரகு வளர்ந்ததும் வேறு பாகன்களிடம் கொடுத்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பிரிந்ததுபோல் இருவரும் கலங்கினார்கள். சத்தியமங்கலத்திலிருந்து 2019-ல் வந்த பெண்குட்டி அம்முவிடம் அந்தப் பாசம் போய்ச் சேர்ந்தது. இந்த வாழ்க்கையைத்தான் ஊட்டியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ என்று ஆவணப்படமாக எடுத்தார். 2023 மார்ச்சில் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. அதே மாதம் தருமபுரியிலிருந்து வந்த இன்னொரு குட்டியைப் பொம்மனும் பெள்ளியும் பார்த்துக்கொண்டார்கள். சில நாட்களில் அது இறந்துபோனது. உலகம் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் வீட்டில் மறுபடியும் ஒரு சாவு.

அந்த ஆண்டு மே மாதம் கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை புகுந்ததையும், அதைப் பிடிக்கக் கும்கிகள் எனும் பழக்கிய முகாம் யானைகள் வந்ததையும் நம் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு முகாம் யானைக்கும் பாகனோடு காவடி என்ற உதவியாளர் உண்டு. தழை வெட்டுவது, குளிப்பாட்டுவது, கொட்டடியைச் சுத்தம் செய்வது, தீனி கொடுப்பது எல்லாம் அவர் வேலை. தமிழகத்தில் அந்தப் பணியில் அதுவரை ஆண்களே இருந்தார்கள். தற்காலிகப் பராமரிப்பாளராக இருந்த பெள்ளிக்கு 2023 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் பணி நியமன ஆணை கொடுத்தார். மாநிலத்தின் முதல் பெண் காவடி ஆனார் பெள்ளி.

ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த வேலை என்று சொல்பவர்கள் உண்டு. விருது கண்ணில் பட வைத்தது, அவ்வளவுதான். ஆணை 2023-ல் வந்தது. வேலையை அவர் ரகுவுக்குப் பால் புட்டியைத் தூக்கிய அன்றே தொடங்கிவிட்டார்.