இலவசக் கல்வியின் முடிவு: நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகமும் 1976 ஆம் ஆண்டு நெருக்கடியும்

பொருளாதார நெருக்கடிக் காலங்களில் பல்கலைக்கழகங்கள் மீது சுமத்தப்படும் முடிவுகள் பெரும்பாலும் வெறும் கணக்கியல் முடிவுகளாகவே முன்வைக்கப்படுகின்றன. வருமானம் குறைந்தது, ஆகவே செலவு குறைக்கப்பட்டது, கட்டணம் விதிக்கப்பட்டது என்பதே அவற்றின் தருக்கம். இத்தருக்கம் எத்துணை வலுவுடையது என்பதை ஆராய, நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

தொழிலாளர் பிள்ளைகளும் உயர்கல்வி பெறவேண்டும் என்னும் நோக்குடன், நகர வாக்காளரின் ஒப்புதலோடு 1847 இல் தோற்றுவிக்கப்பட்ட இலவசக் கல்விக்கழகமே இப்பல்கலைக்கழகத்தின் மூலமாகும். அதுவே பின்னர் சிற்றி கல்லூரியாயிற்று. நகரின் கல்லூரிகள் 1961 இல் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டன. பட்டப் பின்படிப்பு மாணவரும் மாலை வகுப்பினருள் ஒரு பகுதியினரும் கட்டணம் செலுத்தியபோதிலும், தகுதிபெற்ற முழுநேரப் பட்டதாரி மாணவருக்குக் கல்வி இலவசமாகவே இருந்தது. 1930 களின் பெருமந்தத்திலும் இக்கொள்கை கைவிடப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நகரின் குடித்தொகை மாறியும் கல்லூரிகளின் மாணவர் அமைப்பு அதற்கேற்ப மாறவில்லை. 1969 ஏப்ரலில் கறுப்பின, புவர்ட்டோ ரிக்க மாணவர்கள் சிற்றி கல்லூரியின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினர். அதன் விளைவாக 1970 இல் திறந்த சேர்க்கை நடைமுறைக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளியை நிறைவுசெய்த நகரத்தவர் அனைவருக்கும் ஓர் இடம் உறுதிசெய்யப்பட்டது. அவ்வாண்டு சுமார் 35,000 புதிய மாணவர் சேர்ந்தனர். அவர்களுள் இத்தாலிய, ஐரிஷ் வழிவந்த வெள்ளைத் தொழிலாளர் குடும்பத்தினரும் பெருந்தொகையினராயிருந்தனர்.

ஐந்தாண்டுகளுள் நெருக்கடி வந்தது. 1975 இல் வங்கிகள் நகரின் கடன் பத்திரங்களை ஏற்க மறுத்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் அவசர நிதிக் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டு, நகரின் நிதி அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்டோர் கைகளிலிருந்து பெருமளவு நழுவியது. மத்திய அரசின் உதவியை முதலில் மறுத்த சனாதிபதி போர்ட், நவம்பரில் குறுகியகாலக் கடனுக்கு இணங்கினார். இலவசப் பல்கலைக்கழகம் நகரின் ஊதாரித்தனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சித்திரிக்கப்பட்டது.

1976 மே இறுதியில் சம்பளம் வழங்கப் பணமின்றிப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. ஜூன் தொடக்கத்தில் உயர்கல்விச் சபை கட்டணம் அறவிட வாக்களித்தது; அதற்கு உடன்படாத உறுப்பினர் சிலர் பதவி துறந்தனர். 129 ஆண்டு மரபு முடிவுற்றது. விரிவுரையாளர் பலர் வேலையிழந்தனர். சேர்க்கை விதிகள் இறுக்கப்பட்டன. மாணவர் தொகை பல்லாயிரக்கணக்கில் வீழ்ந்தது. மெட்கர் எவர்ஸ் கல்லூரி ஈராண்டுக் கல்லூரியாகத் தாழ்த்தப்பட்டது. எனினும் இருமொழிக் கல்லூரியான ஹொஸ்டொஸ், மாணவரும் ஊழியரும் பிரதேச மக்களும் இணைந்து நடத்திய போராட்டத்தால் காப்பாற்றப்பட்டது.

வறிய மாணவரின் கட்டணத்தை மாநில உதவித் திட்டம் செலுத்தும். ஆதலால் எவரும் பாதிக்கப்படார் என்று கட்டணத்தை ஆதரித்தோர் வாதிட்டனர். அவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அத்திட்டம் முழுநேர மாணவருக்கே உரியதாயிருந்தது. பகலில் உழைத்துப் பகுதிநேரமாகப் பயின்றோர் அதற்கு வெளியே நின்றனர். மேலும், உரிமையாக இருந்தது விண்ணப்பித்துப் பெறும் சலுகையாக மாறியது. இம்மாற்றம் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் பதிவாவதில்லை.

பெருமந்தத்தில் நிலைத்த கொள்கை 1976 இல் வீழ்ந்தமைக்குப் பணமின்மை மட்டுமே காரணம் எனல் போதாது. யாருடைய கடன் முதலில் தீர்க்கப்படவேண்டும், யாருடைய தேவை காத்திருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கைமாறியிருந்தது. திறந்த சேர்க்கையின் பயனைப் பெறத் தொடங்கியிருந்தோருக்கு அத்தீர்மானத்தில் குரல் இருக்கவில்லை. நெருக்கடி தணிந்து நகரம் மீண்டும் கடன்சந்தையில் நுழைந்த பின்னரும் கட்டணம் நீங்கவில்லை. தற்காலிகத் தேவையின் பெயரால் இழக்கப்படும் உரிமை, அத்தேவை தீர்ந்ததும் தானாகத் திரும்பி வருவதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.