கதிரும் மருந்தும்



நாவினாலேயே பிழைத்தவன் நான். விருதுநகரிலும் சிவகாசியிலும் வரலாறு கற்பித்தேன். உடன் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் புகையிலையைக் கன்னத்தில் அடக்கியவாறே யாப்பிலக்கணம் நடத்துவார். நாவின் ஓரத்தில் தோன்றிய ஆறாப் புண்ணை அவர் பொருட்படுத்தவில்லை. பின்னர் நாவில் பெரும்பகுதியை அறுத்தெடுக்க நேர்ந்தது. உயிர் தப்பியது, வகுப்பறைக்கு அவர் திரும்பவில்லை. அன்று தொடங்கி இந்நோயின் மருத்துவ வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறேன்.

முற்காலத்தில் கத்தி ஒன்றே கதி. பிறகு ரேடியம் ஊசிகளை நாவினுள் செருகும் முறை மேனாடுகளில் பரவியது. 1954 ஜூனில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த துயரமே அம்மையாரைத் தூண்டியது. நம் விருதுநகர்க் காமராசர் முதலமைச்சராகி அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. 1951இல் கனடாவில் முதன்முதல் பயன்பட்ட கோபால்ட்டுக் கதிர்க்கருவி, அப்பத்தாண்டு முடியுமுன்பே அடையாற்றுக்கும் வந்துவிட்டது.

ஆயினும் கதிர் மட்டும் போதவில்லை. நோய் முற்றிய பின்னரே பலர் வந்தனர். பெரிய கட்டியின் நடுவே உயிர்வளி குறைவு. அங்குள்ள உயிரணுக்கள் கதிருக்கு எளிதில் மடிவதில்லை. கதிரின் அளவை மிகுத்தாலோ தாடையெலும்பே கெடும். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் கதிரோடு மருந்தையும் சேர்த்துப் பார்த்தனர். சிவகாசிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வெடியுப்பும் கந்தகமும் கரியும் தனித்தனியே கிடந்தால் வெடிப்பதில்லை, உரிய அளவில் கூடினால்தான் ‘மருந்து’ ஆகும்.

அவர்கள் கையாண்ட மருந்துகளுள் ஒன்று பிளியோமைசின். 1960களில் ஜப்பானிய அறிஞர் உமெசாவா நுண்ணுயிரொன்றிலிருந்து கண்டெடுத்தது. உயிரணுவின் மரபிழையை அது துண்டிக்கும். இம்மருந்தைச் சிதைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதி தோலிலும் நுரையீரலிலும் மிகக் குறைவு. தோலணுவை ஒத்த செதிலணுக்களிலிருந்தே நாப்புற்று பெரும்பாலும் பிறப்பதால், மருந்து அங்கே தங்கி வேலை செய்தது. அதே காரணத்தால் நுரையீரலையும் புண்படுத்தியது! கதிர் மட்டும் பெற்றவரையும் இரண்டும் பெற்றவரையும் ஒப்பிட்டு, வாய்ப்புற்றில் சேர்க்கையே சிறந்ததென 1980இல் ‘கிளினிக்கல் ரேடியாலஜி’ என்னும் ஆங்கில இதழில் இருவரும் எழுதினர்.

பிளியோமைசினின் இடத்தைப் பின்னர் சிஸ்பிளாட்டின் பிடித்தது. இன்று நாப்புற்றுக்குப் பெரும்பாலும் அறுவையே முதலில். மீளும் அச்சம் மிகுந்தோர்க்கு அதன்பின் கதிரும் சிஸ்பிளாட்டினும் சேர்த்தளிப்பர். புற்றணுவின் மேலுள்ள வளர்ச்சி ஏற்பியை மட்டும் குறிவைக்கும் எதிர்ப்பொருள்களும் வந்துள்ளன. அவற்றுள் கியூபா நாட்டார் ஆக்கிய நிமோட்டுசுமாபை, கதிரோடும் சிஸ்பிளாட்டினோடும் சேர்த்து, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் தலை, கழுத்துப் புற்று முற்றிய 536 பேரிடம் ஆராய்ந்தனர். நோய் மீளாதிருந்த காலம் நீண்டதென 2019இல் அறிவித்தனர்.