முயலுக்கு ஒரு வேலி, நாய்க்கு ஒரு வேலி

தோட்டத்தில் சின்ன நாய் வளர்க்கிறவர் வேலி போட நினைத்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை அடி உயரம்?" முழங்கால் உயரம்கூட இல்லாத நாய்க்கு உயரத்தை முதலில் கேட்பதே தப்பு என்பது என் கட்சி. இதற்குச் சாட்சி சொல்ல ஆஸ்திரேலிய சரித்திரத்தைக் கூப்பிடப் போகிறேன். கொஞ்சம் சுற்றுவழிதான், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் நாயைப் பற்றி இரண்டு வரி. டாக்ஸ்ஹுண்ட் என்ற பெயரில் 'டாக்ஸ்' என்பது ஜெர்மன் மொழியில் பேட்ஜர், அதாவது வளை தோண்டி வாழும் ஒரு பிராணி. 'ஹுண்ட்' என்றால் நாய். டெரியர் என்ற பெயரோ மண் என்று பொருள்படும் 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுமே வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்க்கப்பட்ட இனங்கள். குட்டைக் கால், நீண்ட உடம்பு எல்லாம் அழகுக்காக வந்ததில்லை. இப்படிப்பட்ட நாய் வேலிக்கு மேலேயா பார்க்கும்? கீழேதான் பார்க்கும்.

இனி கம்பி. வேலியின் வரலாறு என்றாலே எல்லோரும் முள்கம்பியைத்தான் பேசுவார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோசப் கிளிடன் 1874-ல் காப்புரிமை வாங்கினார், அதன்பின் அந்தக் காப்புரிமைக்காக வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. எங்கள் வகுப்பில் காப்புரிமையின் வணிக மதிப்புக்கு உதாரணம் சொல்லலாம், அவ்வளவு நல்ல கதை. ஆனால் அது மாட்டுக்கான வேலி. சின்ன நாய் அடிக்கம்பிக்குக் கீழே குனிந்து போய்விடும், முதுகைக் கிழித்துக்கொண்டு.

நமக்கு வேண்டியது அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் நாரிச் நகரம் நெசவுக்குப் பேர் போன ஊர். அங்கே இரும்புச் சாமான் வியாபாரம் செய்த சார்லஸ் பர்னார்ட், துணி நெய்யும் தறியைப் பார்த்துவிட்டு, நூலுக்குப் பதில் கம்பியை வைத்தால் என்ன என்று யோசித்து 1844-ல் ஓர் இயந்திரம் செய்தார். நாம் கோழி வலை என்று சொல்கிற ஆறுமூலைக் கண்ணி வலை அப்படித்தான் இயந்திரத்தில் வரத் தொடங்கியது. அந்த ஊர்த் தயாரிப்புக்குப் பெரிய சந்தை கிடைத்தது உலகத்தின் மறுகோடியில், ஆஸ்திரேலியாவில். காரணம் முயல்.

1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்தார். விக்டோரியா மாகாணத்தில் உள்ள அவருடைய பண்ணைக்கு வந்து சேர்ந்தவை 24. அந்தக் கண்டத்தை மேய்ந்து தீர்த்த முயல் கூட்டத்துக்கு மூலம் இந்த 24-தான் என்று 2022-ல் வெளியான மரபணு ஆய்வும் சொல்கிறது. (கூட்டுவட்டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இனி இதையே சொல்லலாம்.)

மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1901-ல் வேலி கட்டத் தொடங்கியது. 1907-ல் முடிந்தபோது முதல் வேலியின் நீளம் மட்டும் 1,833 கிலோமீட்டர். தெற்குக் கடலில் ஆரம்பித்து வடக்குக் கடலில் முடிந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1902-ல், முயல்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது தெரிந்தது! அதற்காக இரண்டாவது வேலி, பிறகு மூன்றாவது. மூன்றும் சேர்ந்து 3,256 கிலோமீட்டர். 1931-ல் அரசு முகாமிலிருந்து தப்பிய மூன்று பழங்குடிச் சிறுமிகள் இந்த வேலியை வழிகாட்டியாகக் கொண்டுதான் ஊர் திரும்ப நடந்தார்கள். 2002-ல் வந்த 'ராபிட் புரூஃப் ஃபென்ஸ்' படம் அவர்கள் கதைதான். அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

நம் விஷயத்துக்கு முக்கியம் அந்த வேலியின் அமைப்பு. உயரம் சுமார் மூன்றடிதான். ஆனால் வலையை ஆறு அங்குலம் மண்ணுக்குள் இறக்கினார்கள். காசை மண்ணுக்குள் போட்டார்கள் என்றே சொல்லலாம். இன்று இன்னும் சுலபமான முறை இருக்கிறது. வலையின் அடிப்பகுதியை 'ட' எழுத்து மாதிரி மடக்கி, முயல் வருகிற பக்கமாகத் தரையில் படுக்க வைத்து, மண்ணோடு சேர்த்து முளையடித்து விடுவார்கள். தோண்டுகிற பிராணி வேலியின் காலடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் வெட்டலாம் என்று அதற்குத் தோன்றாது. காலடியில் தோண்டினால் நகத்தில் கம்பி தட்டும், விட்டுவிடும். டெரியருக்கும் இதே கணக்குதான்.

அப்படியும் வேலி ஏன் தோற்றது? வலை மட்டமான சரக்கு இல்லை. வெள்ளம் அடியில் அரித்துக்கொண்டு போனது, காற்று மணலை வேலி உயரத்துக்குக் குவித்தது, யாரோ கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார்கள். பழுது பார்க்கவே ஆள் வைத்து, ஒட்டகத்தில் வேலி நெடுக ரோந்து போகச் சொன்னார்கள். கட்டுமானச் செலவை மட்டும் பார்த்து பராமரிப்புச் செலவை மறந்தால் எந்த பட்ஜெட்டும் இப்படித்தான் ஆகும்.

கேட் என்றதும் எங்கள் தெரு ஞாபகம் வருகிறது. ஒரு வீட்டில் ஏழடி சுவர், மேலே கண்ணாடிச் சில்லு, இரும்பு கேட். கேட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி. அந்த வீட்டு பொமரேனியன் அதன் வழியாக வெளியே போய் வேனில் அடிபட்டுச் செத்தது. அந்த வீட்டுக் குழந்தை இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. சுவர் கட்டியவர் திருடனை நினைத்துக் கட்டியிருக்கிறார், நாயை நினைத்து இல்லை.

திருடனைப் பற்றிய கவலையிலும் நியாயம் உண்டு. வெளியிலிருந்து வருகிற ஆபத்துக்கு உயரம் வேண்டும். இதைக் காட்டுவது ஆஸ்திரேலியாவின் இன்னொரு வேலி. கிழக்கே 1880-களில் முயலுக்கென்று போட்ட வேலிகள் முயலிடம் தோற்றன. ஆனால் டிங்கோ என்ற காட்டுநாயிடமிருந்து ஆடுகளைக் காக்க அவற்றை உயர்த்திப் பயன்படுத்தலாம் என்று பண்ணைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். சுமார் 1.8 மீட்டர் உயரத்துக்கு வலை ஏறியது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1946-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஒரு காலத்தில் 8,614 கிலோமீட்டர் இருந்த டிங்கோ வேலியை 1980-ல் 5,614 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். சீனப் பெருஞ்சுவர் அளவுக்குப் பேசப்பட வேண்டிய சமாச்சாரம், யாரும் பேசுவதில்லை.

ஆக, முயலுக்கு அடிப்பகுதி, டிங்கோவுக்கு உயரம். சின்ன நாய் உள்ளே இருக்கும்போது அது முயல். வெளியிலிருந்து தாண்டி வருகிற பெரிய நாயோ ஓநாயோ அதற்கு டிங்கோ. இரண்டு வேலியும் அதற்குத் தேவை.

இதனால்தான் மின்சார வேலி மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்பவர் 1973-ல் கண்ணுக்குத் தெரியாத வேலிக்குக் காப்புரிமை பெற்றார். தோட்டத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு கம்பி, நாயின் கழுத்தில் ஒரு பட்டை. எல்லைக்கு அருகில் போனால் முதலில் சத்தம், அதையும் மீறினால் ஷாக். செலவும் இடமும் மிச்சம், பார்வைக்கும் மறைப்பில்லை. ஆனால் பட்டை கட்டாத பக்கத்துத் தெரு நாய்க்கு இந்த வேலி இருப்பதே தெரியாது. அமெரிக்கப் புறநகர்களில் சின்ன நாய்களைத் தூக்கிக்கொண்டு போகிற கொயோட்டிக்கும் தெரியாது. பூனையைத் துரத்துகிற வேகத்தில் நாய் ஷாக்கைத் தாங்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டால், திரும்பி வரும்போது அதே ஷாக் அதை வெளியிலேயே நிறுத்தும். ஷாக் கொடுக்கும் பட்டைகளை வேல்ஸ் 2010-ல் தடையே செய்துவிட்டது. உள்ளே இருப்பதை மட்டும் தடுத்து, வெளியிலிருந்து வருவதை விட்டுவிடுகிற ஒன்றை வேலி என்று எப்படிச் சொல்வது?

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது கண்ணி எவ்வளவு என்று. இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் குட்டி தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். நேர்க்கம்பி வேலிக்கும் இதே அளவுதான். அடுத்தது, தரையில் மடக்கிப் படுக்க வைக்க இரண்டடி வலை கூடுதலாக. உள்ளே இருக்கும் நாய்தான் தோண்டுகிறது என்றால் மடிப்பு உட்பக்கம், வெளியிலிருந்து ஏதாவது தோண்டி வருமென்றால் வெளிப்பக்கம். உயரம் இதற்குப் பிறகு: ஆறடி. கேட்டுக்கு அடியில் சிமெண்ட் வாசற்படி. மழை பெய்த மறுநாள் காலையில் வேலி ஓரமாக ஒரு சுற்று. நமக்கு ஒட்டகம் தேவையில்லை, செருப்பு போதும்.