லா துரையும் பிட்காயினும்

நம் லாஸ்பேட்டைக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் புதுச்சேரி கவர்னர் ழான் லா தெ லோரிஸ்தோனைப் பலருக்குத் தெரியும். அவருடைய பெரியப்பா ஜான் லாவைப் பற்றி, பிரெஞ்சில் படித்த நாங்கள் வரலாற்றுப் பாடத்தில் கேட்டிருக்கிறோம். பிட்காயின் பற்றி இன்று எழும் ஒரு கேள்விக்கு அந்தப் பெரியவர் காலத்திலேயே விடை இருக்கிறது.

பிட்காயின் எந்த அரசையும் சாராதது, 2.1 கோடிக்கு மேல் உருவாகாது, ஆகவே அது தங்கம் மாதிரி என்கிறார்கள். அப்படியானால் பங்குச் சந்தை சரியும்போது அதுவும் ஏன் கூடவே சரிகிறது?

ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லா 1716இல் பாரிசில் வங்கி தொடங்கிக் காகிதப் பணம் வெளியிட்டார். 1719இல் புதுச்சேரி வணிகத்துக்கு உரிமை பெற்றிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியையும் தம் கம்பெனியோடு சேர்த்துக்கொண்டார். 500 லிவ்ர் முகமதிப்புள்ள பங்கு சுமார் 10,000 லிவ்ர் வரை ஏறியது. பிறகு பலரும் ஒரே சமயத்தில் காகிதத்தைக் கொடுத்து நாணயம் கேட்டார்கள். 500 லிவ்ருக்கு மேல் யாரும் நாணயம் வைத்திருக்கக் கூடாது என்று 1720 பிப்ரவரியில் ஆணை போட்டும் பயனில்லை. டிசம்பரில் லா நாட்டை விட்டே வெளியேறினார்.

அதே ஆண்டு லண்டனிலும் இதே கதைதான். தென்கடல் கம்பெனியின் பங்கு கோடையில் 1,000 பவுண்டைத் தொட்டு, ஆண்டு முடிவில் 200க்கும் கீழே போயிற்று. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கிலாந்து வங்கி, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆகியவற்றின் பங்குகளும் சேர்ந்து விழுந்தன. அவற்றுக்கு நிஜமான தொழிலும் வருமானமும் இருந்தன. ஆனால் பலர் கடனிலும் தவணையிலும் வாங்கியிருந்தார்கள். கெடு வந்தபோது எது கெட்டது என்று பார்த்து விற்கவில்லை. எதை விற்றால் உடனே காசு வருமோ அதை விற்றார்கள்.

முந்நூறு ஆண்டு கழித்து, 2020 மார்ச் 12 அன்று, கொரோனா அச்சத்தில் அமெரிக்கப் பங்குகள் ஒரே நாளில் 9 சதவீதத்துக்கு மேல் விழுந்தன. பிட்காயின் கிட்டத்தட்ட 40 சதவீதம் விழுந்தது. அன்று தங்கம்கூட இறங்கியது. இரவு பகல் பாராமல் விற்கக்கூடியது பிட்காயின். கடன் வாங்கி வாங்கியவர்களின் இருப்பை, விலை ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் கணினியே விற்றுவிடும். அந்த விற்பனை விலையை இன்னும் கீழே தள்ளும்.

இன்னொரு காரணம் வட்டி. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. பத்திரமான இடத்திலேயே வட்டி கிடைக்கும்போது, வட்டியோ டிவிடெண்டோ தராத ஒன்றை யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? 2021 நவம்பரில் 69,000 டாலரை எட்டிய பிட்காயின், ஓராண்டில் 16,000 அளவுக்கு வந்தது. எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ சந்தை திவாலானதும் அதில் சேர்ந்துகொண்டது.

பிறகு 2024 டிசம்பரில் 1,00,000 டாலரைத் தாண்டியதும் உண்மையே. ஆனால் அந்த ஏற்றம், காத்திருக்க முடிந்தவர்களுக்குத்தான். நம் வயதில் ஆபரேஷனோ பேத்தி கல்யாணமோ சந்தை ஏறும்வரை காத்திருக்காது. கிராஜுவிட்டிப் பணத்தை எதில் போட்டாலும், கெட்ட நாளில் இதை விற்கவேண்டி வருமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.