அப்பத்தா கேட்ட கேள்வியும் 1939-ல் வந்த அரை சதவீதமும்

போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு ஹெட்போன் வரவழைத்தேன். பார்சல் ராசிங்காபுரம் வீட்டுக்கே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் கையெழுத்து மட்டும் கேட்கவில்லை, காசும் கேட்டார். சுங்க வரி. நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கைவிட அதிகம். இத்தனைக்கும் நான் படிப்பது பி.காம்.! திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டது:

"ஏப்பா, காசு கட்டித்தான வாங்குன? பெறகு எதுக்கு மறுக்கா காசு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "கவர்மெண்ட்டுக்கு" என்று சமாளித்தேன். "எந்தக் கவர்மெண்ட்டுக்கு?" என்றது. அதுதான் சரியான கேள்வி என்று தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சுங்கம் புதுசு இல்லை

துறைமுகத்தில் வரி வாங்குவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கிய சரக்குக்குச் சோழ அதிகாரிகள் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. வள்ளுவர் அரசனுடைய வருமானங்களைச் சொல்லும்போது 'உல்கு' என்று சுங்கத்தையும் சேர்க்கிறார். 1070-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டப்பெயர். சுங்கத்தை நீக்கியதற்காக ஒரு ராஜாவை ஆயிரம் வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறோம் என்றால், அந்த வரி ஜனங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் :)

வெள்ளைக்காரர்கள் 1878-ல் கடல் சுங்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1962-ல் அதன் இடத்தில் சுங்கச் சட்டம் வந்தது. என் ஹெட்போன் மாட்டியது அந்த 1962 சட்டத்தில்தான்.

விற்பனை வரி எப்படி வந்தது?

சுங்கம் பழசு. ஆனால் விற்பனை வரி வயதில் ரொம்பச் சின்னது. அதன் பிறப்பில் நம் சென்னை மாகாணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1935-ம் வருஷ இந்திய அரசுச் சட்டம் வரிகளைப் பாகப்பிரிவினை செய்தது. சுங்கம் மத்திய அரசுக்கு, சரக்கு விற்பனை மேல் வரி மாகாணங்களுக்கு. 1938-ல் மத்திய மாகாணம் பெட்ரோல் போன்ற எரிபொருள் விற்பனைக்கு மட்டும் ஒரு வரி போட்டது. எல்லாச் சரக்குக்கும் பொதுவாக முதலில் போட்டது சென்னை மாகாணம், 1939-ல். அப்போது பிரதமர் (முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைப்பார்கள்) ராஜாஜி.

ஏன் போட்டார்? கள்ளுக்கடையை மூடியதால். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு ஆரம்பமானது. கள்ளு, சாராயத்தில் வந்த வருமானம் போனால் கஜானாவுக்கு வேறு வழி வேண்டுமே. அதற்காக வந்ததுதான் விற்பனை வரி. விகிதம் வெறும் அரை சதவீதம். அதாவது நூறு ரூபாய்க்கு எட்டணா. சின்னக் கடைகளுக்கு விலக்கும் இருந்தது.

அந்த வருஷ அக்டோபரிலேயே ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. மதுவிலக்கும் பிறகு போனது, வந்தது, மறுபடியும் போனது. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை!

நடுவில் ஒரு சந்து

சுங்கம் டெல்லிக்கு, விற்பனை வரி மாநிலத்துக்கு என்று பிரித்தாயிற்று. அப்படியென்றால் வெளிநாட்டிலிருந்து நேராக வாங்கும் பொருளுக்கு மாநிலம் விற்பனை வரி கேட்கலாமா? கேட்கக்கூடாது என்றது அரசியல் சட்டத்தின் 286-வது பிரிவு. இறக்குமதியின் போக்கில் நடக்கும் விற்பனை மாநிலத்தின் கைக்கு அப்பாற்பட்டது. இந்தப் பிரிவுக்கு விளக்கம் சொன்ன முக்கியமான வழக்கு ஒன்று நம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே போனது. திருவாங்கூர்-கொச்சி அரசுக்கும் முந்திரி ஆலைக்காரர்களுக்கும் நடந்த அந்த வழக்கில் 1953-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

இதனால் ஒரு வேடிக்கை உண்டானது. உள்ளூர்க் கடையில் ரேடியோ வாங்கினால் விற்பனை வரி உண்டு. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் அந்த வரி கிடையாது. உள்ளூர் வியாபாரி சும்மா இருப்பாரா? அந்தச் சந்தை அடைக்கத்தான் சுங்கத்தின் மேலேயே கூடுதல் வரிகள் ஏறின. 2006-ல் உள்நாட்டு விற்பனை வரிக்கு ஈடாக என்று சொல்லியே 4 சதவீதக் கூடுதல் வரி போட்டார்கள்.

சுவர் உயர்ந்தால் சுரங்கம்

1991 வரை நம் நாட்டின் உச்ச சுங்க வரி 300 சதவீதத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் வெளிநாட்டு டேப் ரிக்கார்டர் வேண்டுமென்றால் துபாய், சிங்கப்பூரிலிருந்து யாராவது பெட்டியில் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் உண்டான கடைவீதி அது. 'ஃபாரின் சாமான்' என்றாலே அங்கேதான் என்று ஆகிப்போனது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. பர்மா பஜார் இருப்பது ராஜாஜி சாலையில். சென்னை சுங்க மாளிகை இருப்பதும் அதே ராஜாஜி சாலையில். விற்பனை வரி போட்டவர் பெயரில் ரோடு, அதில் சுங்கம் வாங்கும் கட்டடம், கூப்பிடு தூரத்தில் சுங்கத்துக்குத் தப்பி வந்த சரக்கின் கடைவீதி. மொத்தப் பாடமும் ஒரே தெருவில்!

1991 பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உச்ச வரியை 150 சதவீதமாகக் குறைத்தார். குறைந்துகொண்டே வந்து 2007-ல் விவசாயம் சாராத பொருட்களுக்கு 10 சதவீதம் ஆனது. 1997-ல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு அடிப்படைச் சுங்கம் படிப்படியாகப் பூஜ்யமானது.

பிறகு காற்று திரும்பியது. செல்போனுக்கு 2017 ஜூலையில் 10 சதவீதம், அந்த டிசம்பரில் 15, 2018 பிப்ரவரியில் 20 என்று ஏறியது. இங்கேயே தயாரிக்க வேண்டும் என்பது காரணம். 2024 ஜூலையில் மறுபடி 15-க்கு இறங்கியது. ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தைவானும் தொடுத்த வழக்குகளில், 2023 ஏப்ரலில் உலக வர்த்தக அமைப்பின் குழு இந்தியாவுக்கு எதிராகச் சொன்னது.

அப்பத்தாவுக்குப் பதில்

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. மாநில எல்லைகளில் லாரியை நிறுத்திய வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. இறக்குமதிக்கு ஐஜிஎஸ்டி வந்தது. பாகம் பிரிந்திருந்த இரண்டு வரியும் இப்போது ஒரே சீட்டில். கணக்கு இப்படிப் போகும் (விகிதங்கள் உதாரணத்துக்கு, பொருளுக்குப் பொருள் மாறும்):

பொருள் விலை 8,000 ரூபாய், அனுப்பும் செலவு 2,000. வரி 8,000-க்கு இல்லை, 10,000-க்கு. இங்கேதான் நான் முதலில் கோட்டை விட்டேன்.
அடிப்படைச் சுங்கம் 20 சதவீதம்: 2,000.
அந்தச் சுங்கத்தின் மேல் சமூக நல கூடுதல் வரி 10 சதவீதம்: 200.
ஆக 12,200. இதன் மேல் ஐஜிஎஸ்டி 18 சதவீதம்: 2,196.
மொத்த வரி 4,396.

20-ம் 18-ம் சேர்த்து 38 சதவீதம், 8,000-க்கு 3,040 என்று கணக்குப் போட்டால் என்னை மாதிரி முழிக்க வேண்டியதுதான். வரிக்கு மேல் வரி. கூரியர்காரர் தனியாக வாங்கும் கட்டணம் இதில் சேராது.

"எந்தக் கவர்மெண்ட்டுக்கு?" என்றால், சுங்கம் டெல்லிக்கு, ஐஜிஎஸ்டியில் டெல்லிக்கும் மாநிலத்துக்கும் பங்கு. "மறுக்கா எதுக்கு?" என்றால், ஏற்றுமதிக்குப் பொதுவாக எந்த நாடும் தன் விற்பனை வரியைப் போடுவதில்லை. பொருள் எங்கே பயன்படுகிறதோ அங்கேதான் வரி. ஐஜிஎஸ்டி அந்த வகை. ஆனால் சுங்கம் அப்படி இல்லை. அது உள்ளூர்ச் சரக்குக்குக் கட்டிய வேலி.

பழைய விற்பனை வரி எங்கே போனது என்று கேட்கிறீர்களா? ஜிஎஸ்டிக்குள் வராமல் மாநிலங்கள் இன்னும் வாட் வாங்கும் முக்கியமான இரண்டு சரக்கு பெட்ரோல் - டீசல், மது. 1938-ல் எரிபொருளில் தொடங்கி, 1939-ல் கள்ளுக்கடையை மூடுவதற்காக வளர்ந்த வரி, இன்று அந்த இரண்டையும் நம்பியே நிற்கிறது.

இதையெல்லாம் சொன்னதும் அப்பத்தா, "அப்ப அந்த வேலிய எடுத்துரச் சொல்லு" என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊரிலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள் நிறைய. உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்வது குவாதமாலா. அந்தக் காய் தாராளமாக வந்து இறங்காமல் இருக்க ஒரு காரணம், அதற்கும் இதே சுங்க வேலி இருப்பதுதான். வேலி போனால் போடி ஏலத்தில் விலை என்ன ஆகும்? அந்த ஜீப்பில் இத்தனை பேர் போவார்களா?

"காய்க்கு வேலி இருக்கட்டும், உன் காது மிசினுக்கு எடுத்துரட்டும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டது அப்பத்தா. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்னால் டெல்லிக்குப் போகிற மனுக்களிலும் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?